பூனைக்குட்டிக்கு ஜலதோஷம்

கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வசிக்கும் எங்கள் வீட்டிற்குச் சென்ற மார்கழியில் மூன்று விருந்தாளிகள் வந்தனர். பார்சல் ஆபீஸ் சாக்குகளுக்கிடையே தாயின்றிக் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டிகள் அவை. "குமாஸ்தா உத்தியோகத்தில் இதுவும் ஒரு வரவா?" என்று கேட்ட என் மனைவியேதான் பழைய சால்வையை விரித்தாள்.

நான்காம் நாள் ஒரு குட்டி தும்மிற்று. பனிக்காலத்து ஜலதோஷந்தானே என்று வாளாவிருந்தேன். அடுத்த மூன்று நாளில் மூன்றுமே தும்மின, கண்கள் பீளையால் ஒட்டிக்கொண்டன, உணவைத் தொடவில்லை. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் கால் பங்கை நான் பொடி செய்தபோது, "தெரியாமல் கொடுக்காதீர்கள்" என்று மனைவி கையைப் பிடித்தாள். மறுநாள் காலை டாக்டரிடம் புறப்படுமுன், எல்லாவற்றிலும் சிறிய குட்டி விறைத்துக் கிடந்தது. தாமதம் என்னுடையதே.

மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் கால்நடை மருத்துவர் திடுக்கிட்டார். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லையாம். சிறு துண்டே உயிரைக் குடித்துவிடுமாம். வந்திருந்தது பூனை ஃப்ளூ. பெரும்பாலும் ஹெர்ப்பிஸ், காலிசி என்னும் இரு வைரஸ்களால் உண்டாவது. தொடர்ந்து வரும் வேறு கிருமிகளுக்காக மருந்து எழுதித் தந்து, "மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிடில் உண்ணாது. வெதுவெதுப்பான மீன் கொடுங்கள்" என்றார்.

எங்கள் அடுக்களையிலோ முட்டைகூட நுழைந்ததில்லை! அன்று மாலை என் மனைவி, அடுத்த வீட்டு வங்காளி அம்மாளிடம் கிண்ணத்துடன் போய் நின்றாள். அவர் உப்பின்றி வேகவைத்துத் தந்த ரோகு மீனை முள் நீக்கி மசித்துக் குட்டிகளின் உதட்டில் தடவினாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் என்பது வேறு விஷயம். ஆறிய வெந்நீர்ப் பஞ்சால் கண்களைத் துடைப்பதும், ஆவி நிறைந்த குளியலறையில் குட்டிகளை மடியில் வைத்து அமர்ந்திருப்பதும் என் வேலை. ஐந்தாம் நாள் இரண்டும் தாமாகவே கிண்ணத்தை நக்கின.

குணமான பின் தடுப்பூசி எதற்கு என்று கேட்டேன். ஹெர்ப்பிஸ் வைரஸ் உடலில் ஒளிந்திருந்து, பூனை மிரண்டு வாடும்போது மீண்டும் தலைகாட்டுமாம். ஊசி நோயை அறவே தடுக்காது, கடுமையைக் குறைக்கும். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பான்லூக்கோபீனியாவுக்கும் அதே ஊசியில் காப்பு உண்டு. ஏறத்தாழ 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கொரு முறை, 16 வாரம் வரை போட வேண்டும். போட்டுவிட்டோம்.

ஒரு குட்டியை என் சக குமாஸ்தாவுக்குத் தருவதாக வாக்களித்திருந்தேன். அவர் வீட்டில் ஊசி போடாத குட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு ஊசி முடியும்வரை தர இயலாது என்று கூறிவிட்டேன். அவருக்குச் சிறிது மனத்தாங்கல்தான். ஆகவே இரண்டும் இன்னும் எங்களிடமே இருக்கின்றன; மீன் கிண்ணம் மட்டும் கொல்லைப்புறத்தில் தனியே.