வட்டியில்லா நாட்கள்

பொங்கலுக்கு ஊர் செல்ல நம்மவர் பலர் 60 நாள் முன்னதாகவே கடன் அட்டையில் டிக்கெட் எடுப்பதை முன்பதிவு ஜன்னலில் அமர்ந்து நாம் காண்கிறோம். அட்டை அளிக்கும் வட்டியில்லாத் தவணையோ பெரும்பாலும் 50 நாளுக்கு மேற்படுவதில்லை. ஆதலின், வண்டி ஏறுமுன்னரே கடன் கேட்டு வந்துவிடும்!

அத்தவணையும் எல்லாச் செலவுக்கும் ஒரே அளவன்று. மாதந்தோறும் 10-ஆம் தேதி கணக்கு முடிந்து, 30-ஆம் தேதி கெடு எனக் கொள்வோம். ஜூன் 11-இல் வாங்கினால் 49 நாள் கிடைக்கும். ஜூலை 9-இல் வாங்கினால் 21 நாளே.

முழுத்தொகையும் கட்டினால்தான் இச்சலுகை. பாக்கி வைத்தாலோ, கெடு நாளிலிருந்தன்று, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்; புதிதாய் வாங்குவனவற்றுக்கும் சலுகை போய்விடும்.

பில்லில் காணும் 'குறைந்தபட்சத் தொகை' நம் குடும்பங்களைப் பெரிதும் மயக்குகிறது. ரூ. 20,000-க்கு ரூ. 1,000 கட்டிவிட்டு நிம்மதியாயிருப்பார் நம்மிடையே உளர். மாதம் 3.5 சதவீத வட்டியென்றால் மீதி ரூ. 19,000-க்கு ஒரு மாத வட்டி ரூ. 665, அவ்வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறக்குறைய ரூ. 120. மறுமாதமும் ஆயிரமே கட்டினால் அசலில் கழிவது சுமார் ரூ. 215! பம்பாயில் பட்டாணியரிடம் வட்டிக்கு வாங்கிய தலைமுறைக்கு இக்கணக்கு உடனே விளங்கியிருக்கும்.

அட்டையைக் கொண்டு ரொக்கமாக எடுத்தாலோ ஒரு நாள் தவணையுமில்லை. எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும்.