தால்சிம் எந்த ஊரார்?

சித்தூரில் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்தேன். பேருந்து நிலையத்தருகே நாணயமிட்டு ஆடும் காணொளி விளையாட்டுக் கூடம் ஒன்று இருந்தது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ எங்களை அங்கே ஈர்த்தது. நாம் தேர்ந்தெடுக்கத்தக்க வீரர் எண்மருள் தால்சிம் ஒருவரே இந்தியர். மெலிந்த உடல், கழுத்தில் மண்டையோட்டு மாலை. கைகால்கள் நெடுந்தொலைவு நீளும், வாய் தீயை உமிழும். (யோகம் பயின்றோர் எவரும் இவ்வாறு செய்து நான் கண்டதில்லை!) மெதுவாகவே நகர்வார்; ஆயினும் அவரை விட்டு ரியுவையோ கென்னையோ நான் நாடியதில்லை. திருப்பதி நண்பன் அவரைத் தெலுங்கர் என்பான். நான் தமிழர் என்பேன். அவர் முழங்கிய ‘யோகா’ என்னும் சொல்லோ இரு மொழிக்கும் பொது. வழக்குத் தீருமுன் எங்கள் நாணயம் தீர்ந்துவிடும்.