லட்சுமணன் கிழித்த கோடு

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உங்கள் வாசலில் லட்சுமண ரேகை போட்டாகிவிட்டது, ஓரடி வெளியே வைத்தாலும் கொரோனா வீட்டுக்குள் வந்துவிடும் என்றார்.

நொய்டாவுக்கு வந்து பத்து வருஷமாகியும் என் மாமியாருக்கு இந்தி வராது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுக்கக்கூட யோசித்தார். உவமானம் வேலை செய்தது, அதை மறுக்க முடியாது.

சிக்கல் என்னன்னா, கோடு என்று ஒன்று இருந்தால் வெளியே ராவணன் இருந்தாகணுமே! அதுவும் நல்லவன் வேஷத்தில் வருகிறவன். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸ் அம்மாவுக்கு அந்த வேஷம் மாட்டப்பட்டது. டூட்டி முடிந்து வந்தால் லிஃப்டில் ஏறக்கூடாதாம். (கம்பனில் இந்தக் கோடே கிடையாது. அங்கே ராவணன் சீதையைக் குடிசையோடு, தரையோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். வைரஸுக்கு அதுதான் பொருத்தம்!)

பயம் முன்னாடியே இருந்தது. வீட்டு ஓனர்கள் காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று எய்ம்ஸ் டாக்டர்கள் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதியதும் அதே மார்ச் 24-ல்தான். உவமானம் அந்தப் பயத்துக்கு ஒரு மரியாதை கொடுத்தது. பயந்து கதவைச் சாத்தினவர்கள் எல்லையைக் காக்கிறவர்கள் ஆகிவிட்டார்கள்.

தவிர, கோடு போட ஒரு வாசல் வேணும். அந்த வாரக் கடைசியில் தில்லி ஆனந்த் விஹாரில் பஸ்ஸுக்காக நின்ற ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு வாசல் ஊரில்தான் இருந்தது. பரேலியில் ஊர் திரும்பியவர்களை ரோட்டில் உட்காரவைத்து, குழந்தைகளோடு சேர்த்து, கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள்.

மறுநாள், மார்ச் 25-ல், வாரணாசி மக்களிடம் பேசும்போது உவமானம் மகாபாரதத்துக்குப் போய்விட்டது. அந்தப் போர் 18 நாள், இதை 21 நாளில் ஜெயிக்கப் பார்க்கிறோம் என்றார். பிரான்ஸில் மக்ரோனும் மார்ச் 16-லேயே போர் என்று சொல்லியிருந்தார். போர் என்றால் எதிரி வேணும், வீரர் வேணும், முடிகிற தேதியும் வேணும். ஊரடங்கோ மே 31 வரை, 68 நாள் நீண்டது. கொரோனா வீரர் என்று டாக்டர்களுக்குக் கைதட்டினோம். ஆனால் ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் ஒருவரைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள்.

அப்புறம் போன் எடுத்தாலே ஒரு குரல், போராட வேண்டியது நோயோடுதான், நோயாளியோடு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. எங்கள் சங்க செக்ரட்டரியும் அதைத் தினம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ் மட்டும் ஜூலை வரை அப்படியே இருந்தது.