இது, அது, ருமேனியா



"டீச்சர், பாஷை தெரியாமல் ருமேனியாவில் 60 நாள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: சுட்டுச்சொற்களை வைத்துத்தான். ஆறாம் வகுப்பில் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று உங்களை ஒப்பிக்க வைத்தேனே, அதேதான்.

மகளின் பிரசவத்துக்காகக் க்ளூஜ் நகருக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். அவர் வேலைக்குப் போய்விட்டால், மகளும் பச்சைக் குழந்தையும் தூங்கும் நேரத்தில் அடுப்படியில் நானும் சம்பந்தி அம்மாவும்தான். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ருமேனிய மொழி வராது. குழந்தைக்கு மேல் சுட்டால்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியாது.

அதனால் முதலில் ஒரே ஒரு கேள்வி கற்றேன். "ச்சே யே ஆஸ்தா?" – இது என்ன? விரலை நீட்டிக் கேட்பேன், அவர் பெயர் சொல்வார், நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரே வாரத்தில் அடுப்படிச் சாமான் முழுக்க நோட்டுக்கு வந்துவிட்டது.

பிறகு இலக்கணம். அந்த மொழியில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஆண்பால் பொருள் 'அஸ்தா', பெண்பால் 'ஆஸ்தா'. தள்ளி இருப்பது 'அலா', 'ஆயா'. (சிரிக்காதீர்கள், அங்கே ஆயா என்றால் 'அது'!) பன்மையில் 'அஷ்தியா, ஆஸ்தியா', 'அயா, ஆலியா'. குறில் நெடில் படித்த என் காதுக்கு முதலெழுத்தே போதுமாக இருந்தது: குறில் ஆண், நெடில் பெண்.

நாம் 'இந்த வீடு' என்போம். அவர்கள் பேச்சில் வீடு முன்னால், சுட்டு பின்னால். பெயரின் கடைசியில் ஓர் ஒட்டும் சேரும். வீடு 'காஸ', இந்த வீடு 'காஸா ஆஸ்தா'. ஆப்பிள் 'மர்', இந்த ஆப்பிள் 'மருல் அஸ்தா'. அதுவே பல ஆப்பிள் என்றால் 'மெரெலே ஆஸ்தியா'. ஒருமையில் ஆண், பன்மையில் பெண்! அப்படி மூன்றாவதாக ஒரு பாலும் வைத்திருக்கிறார்கள்.

பாடப்புத்தகத்தில் 'அச்செஸ்த்', 'அச்சாஸ்த' என்று பெயருக்கு முன்னால் வரும் சுட்டும் உண்டு. அது எழுத்து நடை. 'இவ்வீடு' என்று எழுதி 'இந்த வீடு' என்று பேசும் நமக்கு இதில் வியப்பில்லை. மிஹாய் வித்தேயாசுல் சதுக்கத்துச் சந்தையில் "கித் கோஸ்த ஆஸ்தியா?" – இவை என்ன விலை? – என்று பேச்சு நடையில் கேட்டுத்தான் தக்காளி வாங்கினேன்.

மனிதர்களிடம் மட்டும் கவனம் வேண்டும். ஒரு பெண்மணியை 'த்வாம்னா ஆஸ்தா', இந்த அம்மா, என்று சொல்லலாம். வெறும் 'ஆஸ்தா', 'அலா' என்று சுட்டினால் மரியாதைக் குறைவு.

ஒரு மத்தியானம் சம்பந்தி அம்மா பழைய ஆல்பத்தைக் காட்டினார். மகனைப் பெயர் சொல்லிக் காட்டினார். தம் தாயை 'மாமா' என்றார். ஓரமாக நின்ற ஓர் ஆணைத் தொட்டு "அலா" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். வேலைக்கென்று இத்தாலி போய்த் திரும்பி வராத கணவர் என்று மகள் பிறகு சொன்னாள். படம் அவர் விரலுக்கடியில்தான் இருந்தது. சொல்லோ சேய்மைச் சுட்டு. எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியூருக்குப் போகும் பிள்ளைகளே, எந்த மொழியானாலும் 'இது, அது' இரண்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற சொற்களை அந்த ஊர் மனிதர்களே தருவார்கள்.

அடுத்த மாதம் சம்பந்தி அம்மா நம் ஊருக்கு வருகிறார். தமிழில் "இது என்ன?" மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்து எதைக் காட்டிக் கேட்டாலும் பொறுமையாகப் பெயர் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்