சுருங்கி அணைவது வேறு

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் பரோட்டாக் கடை வைத்திருப்பவருக்குக் காலை வியாபாரம்தான் வியாபாரம். எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்கு வந்த பாட்டிமார் என எல்லாரும் ஒன்பது மணிக்குள் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அடுப்பு மக்கர் பண்ணினால் பிசைந்து வைத்த மாவு அத்தனையும் வீண். இப்படிக் கடை கடையாக அடுப்பு பார்க்கிற ஒருவரோடு ஒரு காலைப்பொழுது சுற்றினேன். அறுபதைத் தாண்டியவர், ஜொகூரில் பிறந்து இளவயதிலேயே இங்கு வந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். கடைக்காரர்களுக்கு அவர் வெறும் 'அண்ணே'.

அன்று போன உணவங்காடியில் கடைக்காரரின் பூர்விகம் கடையநல்லூர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தஞ்சோங் பகார் பக்கம் வந்து குடியேறிய ஊர்க்காரர்களின் வழியில் வந்தவர்.

"பாய், அடுப்பு எப்ப அணையுது?" அண்ணே தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"காலையில தீ நல்லா நிக்குது அண்ணே. அரை மணி நேரம் போனா சுருங்கிச் சுருங்கி அணைஞ்சிடுது. புதுத் தோம்பு மாத்திப் பாத்துட்டேன். ஜெட்டையும் ஊசியால குத்திட்டேன்."

ஊசி என்றதும் அண்ணே முகம் சுளித்தார். ஜெட் என்பது நடுவில் நுண்ணிய துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகு. எவ்வளவு வாயு வரவேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. அடைப்பு எடுக்கிறேன் என்று ஊசியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். வாயு கூடும், அதற்கு ஏற்ற காற்று சேராது. தீ மஞ்சளாகி, கல்லின் அடியில் கரி பிடிக்கும். அண்ணே ஜெட்டைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து என்னிடம் நீட்டினார். துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

தோம்பில், அதாவது சிலிண்டரில், வரும் எல்பிஜிக்கும் குழாயில் வரும் நகர எரிவாயுவுக்கும் ஒரே ஜெட்டைப் போட முடியாது. குழாய் வாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். அதே அளவு எல்பிஜியில் அதைவிடப் பல மடங்கு சூடு இருப்பதால் துளை சிறியதாக இருக்க வேண்டும். இந்த ஊருக்குக் குழாய் வாயு பழைய சங்கதி. 1864இல் தெருவிளக்குகளை எரித்ததே காலாங் எரிவாயு ஆலைதான். 1998இல் அதை மூடியபோது உற்பத்தி செனோக்கோவுக்கு மாறியது. அந்தக் குழாயில் யார் வேண்டுமானாலும் கை வைத்துவிட முடியாது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். எல்பிஜி கடைகளில்தான் ஆளாளுக்கு ஊசி எடுக்கிறார்கள்.

ஜெட் கெட்டது பாய் செய்த வேலை. முதல் கோளாறு அதுவல்ல. அண்ணே வாயு வரும் வழியைத் தோம்பிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் தோம்பின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகும்போது தோம்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சின்னத் தோம்பு ஒன்றில் பெரிய அடுப்புகள் பலவற்றை மாட்டினால், சிங்கப்பூர் வெயிலிலும் அது வியர்த்துக் குளிரும், சில நேரம் உறைபனியே பிடிக்கும். அழுத்தம் இறங்கித் தீயும் சோர்ந்துபோகும். அதன்மேல் வெந்நீர் ஊற்றுகிற ஆட்களை அண்ணே கெட்ட வார்த்தையில்தான் குறிப்பிடுகிறார். இங்கே தோம்பு காய்ந்தே இருந்தது.

அடுத்து, தீயருகே நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகப்புள். தீயின் சூட்டில் அதில் பிறக்கும் சில மில்லிவோல்ட் மின்சாரம்தான் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. நெய்யும் மாவும் அதன்மேல் படிந்தால் அடுப்பு அணையும். ஆனால் அது பட்டென்று அணைகிற அணைப்பு. "பாய் சொல்றது சுருங்கி அணையறது. அது வேற வியாதி" என்று அதைத் தொடாமலே விட்டார். எனக்கு அவருடைய தொழில் பிடிபட்டது அந்த இடத்தில்தான். கழற்றிப் பார்க்க எந்தப் பையனாலும் முடியும்; எதைக் கழற்ற வேண்டாம் என்று தெரிந்தவர் கொஞ்சம் பேர்தான்.

"கடைக்குள்ள புதுசா என்ன வந்திச்சு?"

பாய் யோசித்தார். போன வாரம் ஒரு பெட்டி ஃப்ரீசர் வாங்கிப் போட்டிருக்கிறார். அது உள்ளே நுழைவதற்காக ரப்பர் ஹோஸைச் சுற்றி வளைத்து, கல் அடுப்பின் பின்கால் வழியாக விட்டிருக்கிறார்கள்.

அண்ணே அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைக் காயவிட்டார். கொஞ்ச நேரத்தில் தீ குனியத் தொடங்கியது. டார்ச் அடித்துக் காட்டினார்: அடுப்புக்கால் அருகே சூட்டில் இளகிய ஹோஸ், வளைவில் இடியாப்ப மாவுபோலத் தொய்ந்து தட்டையாகியிருந்தது. இரவில் ஆறினால் விறைத்துக்கொள்ளும், காலையில் தீ நன்றாக எரியும். அதனால்தான் பாய்க்குத் தோம்பின் மேல் சந்தேகம்.

தோம்பின் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருந்த வாயு எரிந்து தீரும்வரை காத்திருந்தார். ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடையில் வாங்கிய புது ஹோஸை அளந்து வெட்டி, சுவரோரமாக விட்டு, கிளிப் போட்டார். புது ஜெட்டும் மாட்டினார். பிறகு தோம்பைத் திறந்து, கறிக் கிண்ணத்தில் சவர்க்கார நீர் கலக்கி, தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் பூசினார். கீழ்க்கிளிப்பில் ஒரே ஒரு குமிழி மெதுவாகப் பெருத்தது. கால் திருகு இறுக்கினார், நின்றது. கசிவு தெரியட்டும் என்று வாயுவில் நாற்றம் கலந்துதானே விடுகிறார்கள் என்றேன். "சம்பால் வதக்கற இடத்துல மூக்கை நம்பக் கூடாது தம்பி."

வேலை முடிந்தது என்று பாய் கல்லுக்கு எண்ணெய் தடவப் போனார். அண்ணே தோம்பை மறுபடி மூடிவிட்டார்; திறக்கவில்லை.

"ஃப்ரீசரை நகத்துங்க."

"இடம் இல்லையே அண்ணே."

எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் பரவும். ஃப்ரீசரின் மோட்டாரும் அதன் சுவிட்சும் தரையோரத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் ஒரு பொறி தெறிக்கலாம். பாய்க்கு இது புரியாமல் இல்லை. ஆனால் ஒரு கதவகலம்கூட மிஞ்சாத கடை அது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கைபேசியில் மணி பார்த்தார்கள். அண்ணே தோம்பின் மேல் கையை வைத்தபடியே நின்றார்.

கடைசியில் மாவு மேசை வெளியே போய், ஃப்ரீசர் கழுவுதொட்டிப் பக்கம் போனது. தட்டுக் கழுவும் அம்மாவுக்கு அதில் கோபம். அவர் பாயிடம் முறையிட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் பரோட்டா கல்லில் விழுந்தது.