திண்டிவனம் வண்டியில் படித்த இங்கிலீஷ்

எங்கள் ஊர் விழுப்புரம். ரயிலில் நடுராத்திரி "டீ, காபி" சத்தத்தில் கண் விழித்து, "இது எந்த ஊருங்க?" என்று கேட்டால், பாதி நாள் அது விழுப்புரமாகத்தான் இருக்கும்! சென்னைக்கு ஒரு பாதை, புதுச்சேரிக்கு ஒரு பாதை, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று என்று ஐந்து திக்கிலும் பாதை பிரிகிற ஜங்ஷன். வண்டி மாறி ஏறி, போக வேண்டிய ஊருக்கு நேர் எதிர்த் திசையில் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. நான் ரயிலில் அப்படி ஏறியதில்லை. ஆனால் ஒரு வார்த்தையில் ஏறிவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பிறந்த வீடு திண்டிவனம். தங்கையைக் கொடுத்திருப்பதும் அதே ஊரில், அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில். 2018 தை மாதம். அவளுடைய முதல் பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டிய நேரம். அதற்கு முன்னால் சளிக்காக ஒரு டாக்டரிடம் காட்டியபோது, அவர் ஊசிக் கார்டின் ஓரத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். தங்கை எட்டாவதோடு நின்றவள். நான் பத்தாவது தேறியவள், அதுவும் இங்கிலீஷில் நாற்பத்தொரு மார்க்! ஆகையால் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் கடிதம், கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும்.

"அக்கா, இதுல என்னா எழுதியிருக்குன்னு பாரேன்."

பார்த்தேன். ‘டூ நாட் புட் ஆஃப்’ என்று தொடங்கி, அடுத்த தடுப்பூசியைப் பற்றி எழுதியிருந்தது. ‘புட்’ என்றால் போடு. ‘நாட்’ என்றால் வேண்டாம். ‘ஆஃப்’ என்றால் நிறுத்து. ஃபேனை ஆஃப் பண்ணு என்கிறோமே! எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, "ஊசி போட வேணாம், நிறுத்தி வைன்னு எழுதியிருக்காருடி. சளி இருக்கில்ல, அதுக்காக இருக்கும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். தங்கைக்கு என் வார்த்தை வேதவாக்கு. புதன்கிழமை ஊசி நாளுக்கு அவள் போகவே இல்லை. ஒரு புதன் இல்லை, ஐந்து புதன் போய்விட்டது.

அப்புறம் சுகாதார நர்ஸம்மா வீடு தேடி வந்துவிட்டார். கார்டை வாங்கிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "யாரும்மா உனக்கு இப்படி அர்த்தம் சொன்னது? ஊசியைத் தள்ளிப்போடாதேன்னு எழுதியிருக்கு. நீ ஐந்து வாரம் தள்ளிப்போட்டிருக்கே!"

‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘போடாதே’ என்று நான் சொன்னதும், ‘தள்ளிப்போடாதே’ என்று டாக்டர் எழுதியதும் நேர் எதிர்!

நர்ஸம்மா நல்லவர். "தாமதமானாலும் கெட்டுப் போகலை. ஒன்பது மாதம் முடிஞ்சதும் போடணும். தவறிட்டா, அதுக்காக விட்டுடாம எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட்டுடணும்" என்று சொல்லி, அடுத்த புதன் ஊசியும் போட்டு, வைட்டமின் ஏ மருந்தும் கொடுத்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஐந்து வாரத்தில் தெருவில் யாருக்காவது தட்டம்மை வந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. தங்கை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாமியார்தான், "படிச்ச அக்கா சொன்னாங்களாமே" என்றார். ஒரே வார்த்தை. போதாதா?

அந்தச் சமயம் எங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததால், ஒவ்வொரு புதன்கிழமையும் நான் திண்டிவனம் போய்ச் சமைத்து, துணி துவைத்து வைத்துவிட்டு வருவேன். காலையில் தாம்பரம் போகும் பாசஞ்சர் வண்டி. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். பஸ்ஸில் விக்கிரவாண்டி வழியாக நெடுஞ்சாலையில் பறக்கலாம். ஆனால் எனக்குப் பாசஞ்சர்தான் பிடிக்கும். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று எல்லா ஊரையும் விசாரித்துக்கொண்டு போகும்.

அந்த வண்டியில்தான் டீச்சரம்மா பழக்கமானார். பணி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விசாரித்தார். கார்டு விஷயத்தைச் சொல்லி அழுதேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ தப்பா படிக்கலைம்மா, தனித்தனியா படிச்சுட்டே. நம்ம விழுப்புரம் ஜங்ஷன் மாதிரிதான் ‘புட்’டும். ஜங்ஷன் ஒண்ணுதான். எந்தப் பாதையில வண்டி திரும்புதுன்னு பார்த்தாத்தானே ஊர் தெரியும்? ‘புட்’டுக்குப் பின்னால வர்ற குட்டி வார்த்தைதான் பாதை."

வண்டி கிளம்பி முண்டியம்பாக்கம் வந்தது. சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. டீச்சர் என்னைக் கேட்டார்: "கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாங்கன்னு சொல்றோமே, யாராவது கல்யாணத்தைத் தள்ளிவிட்டுக் கீழே போடறாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. நம் தமிழிலும் இதே கூத்துதான். கண்டுபிடி என்றால் கண்டு, பிடிப்பது இல்லை. விட்டுக்கொடு என்றால் விட்டுவிட்டு எதையோ கொடுப்பது இல்லை. இரண்டு வார்த்தையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு அர்த்தம் பிறக்கிறது. நாம் பிறந்ததிலிருந்து கேட்பதால் கஷ்டம் தெரியவில்லை. இங்கிலீஷ்காரர்களுக்கும் அப்படித்தான். 1755-இல் பெரிய ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் என்பவரே, வெளிநாட்டுக்காரர்களுக்கு மிகவும் கஷ்டம் கொடுப்பது இந்த மாதிரிச் சேர்க்கைகள்தான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறாராம். டீச்சர் இதைச் சொன்னதும் எனக்குப் பாதி வெட்கம் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதனும் ஒரு பாதை. டீச்சருடைய நிபந்தனை ஒன்றுதான்: நோட்டில் பட்டியல் எழுதக் கூடாது. வீட்டில் அந்த வேலையைச் செய்யும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதலில் ‘புட் ஆன்’. புடவை உடுத்தும்போது, செருப்பு மாட்டும்போது, கண்ணாடி போடும்போது எல்லாம் இதுதான். உடுத்துகிற செயலுக்கு ‘புட் ஆன்’. உடுத்தியபின் அந்தப் புடவையில் இருக்கும் நிலைக்கு ‘வேர்’. குழந்தை எடை கூடினாலும் ‘புட் ஆன்’ என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். நம் தமிழில் ‘எடை போடுவது’ தராசு வேலை. அங்கே அது உடம்பு பெருப்பது! கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் இதை நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஆன்’னுக்கு எதிர் ‘ஆஃப்’ என்று எண்ணி, சட்டையைக் கழற்றுவதற்கு ‘புட் ஆஃப்’ என்று சொல்லிவிடக் கூடாது. கழற்றுவது ‘டேக் ஆஃப்’. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவதுதான். நான் விழுந்த பள்ளம் அல்லவா, இன்னொருவர் விழக் கூடாது!

அடுத்த வாரம் ‘புட் அவுட்’. அடுப்பை, தீயை, மெழுகுவர்த்தியை அணைப்பது. அதற்கடுத்து ‘புட் அவே’. காய்ந்த துணியை மடித்து அலமாரியில் வைப்பது, விளையாட்டுச் சாமான்களை எடுத்து ஒதுக்கி வைப்பது. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தால் ‘புட் பேக்’. இந்த மூன்றும் நாம் காலையிலிருந்து ராத்திரி வரை செய்கிற வேலைகள். ஒரே நாளில் நாக்கில் ஒட்டிக்கொண்டன.

விக்கிரவாண்டி தாண்டி, பேரணியில் ஒரு அம்மாள் வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு ஏறுவாள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். பத்து ரூபாய்க்கு வாங்கி, உரித்துக்கொண்டே ‘புட் அப் வித்’ படித்தோம். பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம். "மூணு வார்த்தை சேர்ந்து வருதே டீச்சர்?" என்றேன். "பொறுமைன்னா கொஞ்சம் நீளமாத்தானேம்மா இருக்கும்" என்றார். அந்தப் பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோருமே தலையாட்டினார்கள்! ‘வித்’தை விட்டுவிட்டு ‘புட் அப்’ என்று மட்டும் சொன்னால் வேறு பாதை: சுவரில் படம் மாட்டுவது, கூடாரம் அடிப்பது, விருந்தாளிக்கு ராத்திரி தங்க இடம் கொடுப்பது.

இலக்கணமும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார். ‘புட்’ நேற்றைக்கும் ‘புட்’தான், ‘புட்டட்’ கிடையாது. ‘அதை’ என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல் நடுவில் உட்காரும். ‘புட் இட் ஆஃப்’ சரி. ‘புட் ஆஃப் இட்’ தவறு. ஆனால் ‘புட் அப் வித்’ மட்டும் பிரியாது. ‘இட்’ கடைசியில்தான் வரும்.

மயிலம் வந்ததும் பெட்டியில் பாதிப் பேர் முருகனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "இந்தப் போடுதலுக்கு இங்கிலீஷில் ‘புட்’ வருமா டீச்சர்?" என்று கேட்டேன். "வரவே வராது. காபி போடறது, கோலம் போடறது, சண்டை போடறது எதுக்கும் ‘புட்’ வராது. ஒவ்வொண்ணுக்கும் அவங்க வேற சொல் வெச்சிருக்காங்க. ‘போடு’ நம்ம ஜங்ஷன், ‘புட்’ அவங்க ஜங்ஷன். ரெண்டுக்கும் பாதை ஒண்ணில்லை" என்றார்.

மயிலத்துக்கு அடுத்தது திண்டிவனம். ‘திந்திரிணி’ என்றால் புளியமரம். புளியங்காடாக இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். கோவிலில் சுவாமி பெயரும் திந்திரிணீஸ்வரர்தான். பிறந்து வளர்ந்த ஊரின் பெயருக்கே, நடுவில் பிரித்துப் பார்த்தபின்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. ‘புட் ஆஃப்’ நேர் மாறு, பிரித்ததால் கெட்டது!

ஆவணி மாதம் வந்தது. பதினாறு மாதம் முடிந்தால் இரண்டாவது தவணை ஊசி. அந்தப் புதன்கிழமை நான் அம்மா வீட்டில் இருந்தபோது தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் கார்டு. மாமியாரும் கூடவே வந்திருந்தார். எதுவும் பேசாமல் கார்டை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கிப் படித்தேன். தேதியும் ஊசியின் பெயரும் புரிந்தன. கீழே ஒரு சுருக்கெழுத்து மட்டும் விளங்கவில்லை. "இது எனக்குத் தெரியலைடி. வா, நானும் வர்றேன், நர்ஸம்மாவையே கேட்டுடலாம்" என்றேன். மாமியார் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அதுதான் சரி. கிளம்புங்க, வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க" என்றார். நர்ஸம்மா படித்துச் சொன்னார். தமிழிலேயே பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். ஊசி போட்டதும் பிள்ளை ஊரைக் கூட்டினான்.

அன்புச் சகோதரிகளே! ஆறு மாதம் வண்டியில் நான் படித்தது ஒரே ஒரு வார்த்தையின் ஏழெட்டுப் பாதைகள்தான். குழந்தைகளோடு நீங்களும் ஒரு வாரத்துக்கு ஒன்றாக, வேலையோடு வேலையாகப் படியுங்கள். வார்த்தையை உடைத்துப் பார்க்காமல், ஒரே சொல்லாக, அது வரும் இடத்தோடு சேர்த்து மனதில் வையுங்கள். ஆனால் மருந்துச் சீட்டிலும் ஊசிக் கார்டிலும் மட்டும் ஊகம் வேண்டாம். "தமிழில் சொல்லுங்க டாக்டர், தமிழில் எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. அன்றைக்கு நான் அதைக் கேட்கச் சொல்லியிருந்தால் ஐந்து புதன்கிழமைகள் வீணாகியிருக்காது.

இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். வீட்டுப்பாடத்தை நாளைக்கு எழுதுகிறேன் என்று அடம் பிடித்தால், எட்டாவதோடு நின்ற என் தங்கை சொல்கிறாள்: "டோண்ட் புட் இட் ஆஃப்!" நடுவில் ‘இட்’ சரியாக உட்கார்ந்திருக்கிறது.