மண் குடித்த ஒயில்

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம். கடன் கணக்குப் பார்த்து முடிந்ததும் ஓர் அம்மா என்னைத் தன் கிணற்றடிக்குக் கூட்டிச் சென்றார். வாளித் தண்ணீரில் ஒயில் மணத்தது. பக்கத்து வளவில் படகு இயந்திரங்கள் திருத்தும் கொட்டில். கழிவு ஒயிலை மணலில்தான் ஊற்றுவார்களாம்.

"மண் குடிச்சிடும் எண்டுதான் நாங்களும் பேசாமல் இருந்தம், பிள்ளை. இப்ப கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம்."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஒயில் போகாது. இதை அவரிடம் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. விறகும் காசுதானே.

எனக்குச் சுன்னாகம் நினைவுக்கு வந்தது. அங்கே மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் ஒயில் கலந்ததை எதிர்த்து 2015 இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும். கிணறு மாசடைந்ததைக் காட்டக்கூடியவர்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபா வரை.

ஆனால் நிலத்தடி நீர் கிணற்றோடு நிற்பதில்லை. கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்குத் தெரியும், கடலை ஒட்டியே நன்னீர் ஊறுகிறது. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக நீர் ஓடுகிறது. மன்னார்த் தீவில் மணலுக்குள் மழைநீர் உப்பு நீரின் மேல் மிதந்து நின்று, மெல்ல மெல்லக் கரைக்குக் கசிகிறது.

இதை நான் விளக்கத் தொடங்க, அந்த அம்மா சிரித்தார். இடம்பெயர்ந்து கரையில் கொட்டில் போட்டிருந்த காலத்தில், கடல் வற்றும் நேரம் பார்த்து மணலைக் கையால் தோண்டித்தான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்தாராம்.

"அப்ப அந்தத் தண்ணி எங்கட வளவுக்குள்ளால போறதுதானே?"

அதேதான். ஒயிலின் தடித்த பகுதி மணலில் ஒட்டிக்கொள்ளும். கரையக்கூடியது நீரோடு போகும். கழிவு ஒயிலில் உள்ள உலோகங்களில் சில கரைச் சேற்றில் படிந்துவிடும், சில கடல்நீரில் கலக்கும். அந்தச் சேற்றில்தான் நண்டும் மட்டியும் மேய்கின்றன. சேறு லேசில் மறப்பதில்லை. யப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலை நேரே கடலுக்கு விட்ட பாதரசக் கழிவு 1968 இல் நின்றது. அதன் பிறகும், வளைகுடாவை மறித்துக் கட்டிய வலையை 1997 இல்தான் அகற்றினார்கள்.

பயந்து நண்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கொட்டிலின் ஒயிலும் ஒரு மின் நிலையத்தின் ஒயிலும் ஒன்றல்ல. என் மனதை அரிப்பது வேறு. சுன்னாகத்தில் காட்டுவதற்குக் கிணறு இருந்தது. கணவனைத் தொலைத்து, மட்டி பொறுக்கிப் பிள்ளைகளை வளர்ப்பவள் நாளை எந்தக் கிணற்றைக் காட்டுவாள்? கரைச் சேற்றுக்கு உறுதி எழுதிக் கொடுத்தவர் யார்?

அடுத்த கிழமை சங்கத்துப் பெண்கள் கொட்டிலுக்கு ஒரு பழைய பரல் கொண்டுபோய் வைத்தார்கள். கொட்டில்காரத் தம்பி முதலில் சண்டை பிடித்தார், பிறகு அதற்குள் ஊற்றச் சம்மதித்தார். நிரம்பினால் எங்கே கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரதேச சபைக்கு எழுதியிருக்கிறோம். கண்ணாடிப் போத்தலில் எடுத்த கிணற்று நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படைத்தோம். முடிவு இன்னும் வரவில்லை. அந்த அம்மா இப்போது கோயில் கிணற்றிலிருந்து காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் சுமக்கிறார்.